எட்டு மேசை உணவகத்தில் ஒரு விருந்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் திருமண நாளுக்காக, ஒரு தம்பதியும் அவர்கள் மகனும் சேர்ந்து நடத்தும் சிறிய உயர்தர உணவகத்தில் மேசை பதிவு செய்தோம். ஒவ்வாமை உண்டா, எதைச் சாப்பிட மாட்டீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று அடுக்கடுக்காகக் கேட்டதோடு முன்பணமும் வாங்கிக்கொண்டார்கள். விருந்துக்கு வருபவர்களை இப்படித் துருவித் துருவிக் கேட்பது முறையா?

பதில்: முறைதான். கேட்காமல் விட்டிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். மொத்தம் எட்டு மேசைகள் மட்டுமே உள்ள இடத்தில், அன்றிரவு எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் காலையில் பொருள் வாங்குகிறார்கள். பெரிய உணவகத்தில் ஒரு மேசை காலியாகக் கிடந்தால் அது கணக்கிலேயே வராது. இங்கே சொல்லாமல் வராமல் போகிற ஒரு மேசை, அன்றைய வருமானத்தில் எட்டில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடுகிறது. பொருள் வாங்கியாகிவிட்டது, நறுக்கியும் ஊறவைத்தும் ஆகிவிட்டது, அந்த இடத்துக்குக் கடைசி நேரத்தில் வேறு ஆள் கிடைப்பதும் அரிது. முன்பணம் அதற்காகத்தான். போக முடியாது என்று தெரிந்த உடனே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் முன்னதாகச் சொன்னால், காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் வேறொரு குடும்பத்துக்கு அந்த மேசை போகும்.

ஒவ்வாமை பற்றிக் கேட்பது இன்னும் முக்கியமானது. இத்தகைய சமையலில் சாஸுக்கு அடிப்படையான சாறுகள் அன்று காலையிலேயே, சில சமயம் முதல் நாளே, மணிக்கணக்கில் கொதித்து வற்றித் தயாராகிவிடுகின்றன. அதில் பாலோ கொட்டைப் பருப்போ சேர்ந்திருந்தால், இரவு எட்டு மணிக்கு நீங்கள் மேசையில் உட்கார்ந்து சொல்லும்போது அதை யாராலும் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். உட்கார்ந்த பிறகு இன்னொரு முறை நினைவூட்டுங்கள். ஆனால் பிடிக்காத ஒன்றை ஒவ்வாமை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வாமை என்று கேட்டவுடன் தனி வெட்டுப்பலகை, தனிக் கத்தி, தனிப் பாத்திரம் என்று அந்தச் சின்னஞ்சிறு சமையலறையின் ஒரு மூலையையே உங்களுக்காக ஒதுக்குவார்கள். பிடிக்காது என்று சொன்னாலே போதும், மாற்றித் தருவார்கள்.

நேரம் கேட்பதற்கும் காரணம் உண்டு. அடுப்பருகே இரண்டு அல்லது மூன்று பேர்தான் இருப்பார்கள் என்பதால், மேசைகளைக் கால் மணி நேர இடைவெளி விட்டு அமர்த்துகிறார்கள். நீங்கள் அரை மணி நேரம் தாமதமாகப் போனால் உங்கள் தட்டும் பக்கத்து மேசையின் தட்டும் ஒரே நேரத்தில் கேட்கப்படும். அதன் பலனை இரண்டு மேசைக்காரர்களும் அனுபவிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: தட்டின் இருபுறமும் வரிசையாக முள்கரண்டிகளும் கத்திகளும் இருக்குமாமே? எதை எப்போது எடுப்பது?

பதில்: வெளிப்புறத்தில் இருப்பதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு உணவுக்கும் ஒரு ஜோடியாக உள்நோக்கி வாருங்கள். சாப்பிட்டு முடித்ததும் இரண்டையும் தட்டில் இணையாக வைத்தால், எடுத்துக்கொள்ளலாம் என்று பரிமாறுபவர் புரிந்துகொள்வார். தவறான கரண்டியை எடுத்துவிட்டாலும் குற்றமில்லை, சத்தமில்லாமல் வேறொன்று வந்து சேரும். இந்தப் பயத்தினாலேயே பலர் இத்தகைய இடங்களுக்குப் போகத் தயங்குகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கேள்வி: ஒவ்வொரு தட்டிலும் இரண்டு வாய் அளவுக்குத்தான் இருந்தது, சாப்பிட்டு முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்தால் என்ன?

பதில்: ஐரோப்பிய விருந்துகளில் ஒரு காலத்தில் அப்படித்தான் எல்லாவற்றையும் மேசையில் ஒன்றாகப் பரப்பினார்கள். 19ஆம் நூற்றாண்டில், ‘ரஷ்ய முறை’ என்று பெயர் பெற்ற, ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் வழக்கம் பிரான்சில் பரவி அதன் இடத்தைப் பிடித்தது. ஒவ்வொரு உணவும் அதற்குரிய சூட்டோடு வாய்க்கு வந்துசேர்வதுதான் அதில் கிடைத்த பெரிய ஆதாயம்.

சமையலறையிலிருந்து தட்டு வெளியேறும் அந்தக் கடைசி நிமிடத்தைக் கவனித்தால் இது விளங்கும். தட்டு ஏற்கனவே சூடாக்கி வைக்கப்பட்டிருக்கும். உணவை அடுக்கியதும் விளிம்பில் தெறித்த துளியைத் துணியால் துடைப்பார்கள். சாஸ் கடைசியாக ஊற்றப்படும். அந்த நேரம் பார்த்து மேசையில் ஒருவர் கைப்பேசியோடு எழுந்து வெளியே போய்விட்டால், தட்டு அங்கேயே காத்திருக்க, சாஸின் மேல் மெல்லிய ஆடை படிந்துவிடும். மனசாட்சியுள்ள சமையற்கலைஞர் அதை அனுப்ப மாட்டார், மறுபடி செய்வார். உங்கள் மூன்று மணி நேரம் மூன்றேகால் ஆகும். அளவைப் பொறுத்தவரை, ஏழெட்டுத் தட்டுகளும் இடையிடையே ரொட்டியும் சேர்ந்தால் வயிறு நிறைந்துவிடும். முதல் அரை மணி நேரத்திலேயே ரொட்டியால் வயிற்றை நிரப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

கேள்வி: குடும்பம் நடத்தும் உணவகம் என்பது வெறும் விளம்பரம்தானா? சாப்பாட்டில் அதனால் வேறுபாடு உண்டா?

பதில்: குடும்பம் என்ற பெயர் மட்டும் ருசியைத் தந்துவிடாது, சலித்துப்போன குடும்பங்கள் நடத்தும் சலிப்பான உணவகங்களும் உண்டு. ஆனால் நன்றாக நடக்கும் இடங்களில், ஒரு கைப்பக்குவம் ஆள் மாறாமல் ஆண்டுக்கணக்கில் முதிர்கிறது. பிரான்சில் த்ருவாக்ரோ குடும்பம் 1930இல் ரோவான் நகரில் தொடங்கிய உணவகத்துக்கு 1968இல், உணவகங்களைத் தரப்படுத்தும் பிரெஞ்சு வழிகாட்டி நூலான மிஷ்லினின் உச்சத் தரமான மூன்று நட்சத்திரங்கள் கிடைத்தன; இன்று அந்த அடுப்பில் நிற்பது நான்காம் தலைமுறை. இத்தாலியின் ‘தால் பெஸ்கத்தோரே’ உணவகத்தின் நாதியா சாந்தினி, அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து, கணவரின் பாட்டியிடம் சமையல் கற்றவர். 1996இல் அந்த உணவகம் மூன்றாவது நட்சத்திரத்தைப் பெற்றது. ஸ்பெயினின் ஜிரோனாவில் ரோக்கா சகோதரர்கள் மூவரில் மூத்தவர் சமைக்கிறார், இரண்டாமவர் ஒயினைக் கவனிக்கிறார், இளையவர் இனிப்புகளைச் செய்கிறார். 1986இல் மூத்தவர்கள் இருவரும் தங்கள் உணவகத்தைத் தொடங்கியது பெற்றோரின் எளிய உணவகத்துக்குப் பக்கத்திலேயே. உலகப் புகழ் வந்த பிறகும், பணியாளர்கள் மதிய உணவுக்குப் பெற்றோரின் உணவகத்துக்கே நடந்து போவதை அவர்கள் வழக்கமாக வைத்திருந்தார்கள். எனக்கு நட்சத்திரங்களைவிட இந்தச் செய்தியே பெரிதாகப்படுகிறது.

சாப்பிடுபவருக்கு இதனால் என்ன பயன் என்றால், அடுப்பில் நிற்பவரும் உங்களிடம் பேசுபவரும் ஒரே வீட்டார் என்பதால், நீங்கள் சொல்வது இடையில் தேய்ந்துபோகாமல் உரியவரிடம் போய்ச் சேருகிறது.

கேள்வி: அப்படியானால் ஒரு சங்கடத்தையும் கேட்டுவிடுகிறேன். இரண்டாவது தட்டில் உப்புக் கூடிவிட்டது. வீட்டுக்கார அம்மாவே மேசைக்கு வந்து “எப்படி இருந்தது?” என்று கேட்டார், முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாமல் “ரொம்ப நன்றாக இருந்தது” என்று சொல்லிவிட்டு, பாதியை மிச்சம் வைத்தோம். பிறகு இணையத்தில் குறை எழுதலாமா என்று என் கணவர் கேட்கிறார்.

பதில்: எழுத வேண்டாம், நேரில் கேட்டபோது நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் பின்னால் எழுதுவது நியாயமில்லை. அவர் ஒப்புக்குக் கேட்டிருக்க மாட்டார். பாதித் தட்டு மிச்சமாகத் திரும்பி வந்ததைச் சமையலறையில் பார்த்திருப்பார்கள். காரணம் தெரியாமல் அன்றிரவு முழுக்க யோசித்திருப்பார்கள். இரண்டு வாய் சாப்பிட்டதுமே, “அம்மா, எங்கள் நாக்குக்கு இதில் உப்பு சற்றுத் தூக்கலாகத் தெரிகிறது” என்று தணிந்த குரலில் சொல்லியிருந்தால், உங்களுக்கு வேறு தட்டு வந்திருக்கும். அதே சாஸ் அடுத்த மேசைக்குப் போகாமலும் நின்றிருக்கும். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. பிற்பகலில், மதியப் பரிமாறல் முடிந்து இரவு வேலை சூடுபிடிக்காத நேரத்தில் தொலைபேசியில் அழைத்து, எந்தத் தேதி, எந்தத் தட்டு என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்; பிடித்த தட்டு எது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த முறை பதிவு செய்யும்போது, உப்புக் குறைவாக வேண்டும் என்று அப்போதே தெரிவித்துவிடலாம்.