டாம் பாய்டின் 61 ஆட்டங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஆஸ்திரேலியக் கால்பந்து பற்றிய உங்கள் குறிப்பில் டாம் பாய்டின் பெயரைப் பார்த்துவிட்டு அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஏழு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 70 லட்சம் டாலர் என்று நாளிதழ்கள் எழுதிய ஒப்பந்தம். ஆனால் 61 ஆட்டங்களோடு 23 வயதில் ஓய்வு. இதை வீணாய்ப்போன திறமை என்றுதானே சொல்ல வேண்டும்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

அந்த ஆட்டத்தில் முன்வரிசையில் நிற்கும் உயரமான வீரரின் வேலை, தொலைவிலிருந்து உதைக்கப்பட்டு வரும் நீள்வட்டப் பந்தை, தன்மேல் வந்து மோதும் எதிராளிகளுக்கு நடுவே எம்பிப் பிடிப்பது. ‘மார்க்’ என்று அதற்குப் பெயர். உயரம் மட்டும் அதற்குப் போதாது; தோளும் இடுப்பும் உரமேற வேண்டும், அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். 2013இல் பாய்டைத் தேர்ந்தெடுத்த ஜி.டபிள்யூ.எஸ். (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) அணிக்கு அவர் ஆடியவை 9 ஆட்டங்களே. மறு ஆண்டு இறுதியில், தன் அணித்தலைவர் ரயன் கிரிஃபனே விலகிச் செல்ல விரும்பியதால் தத்தளித்துக்கொண்டிருந்த மெல்பர்னின் வெஸ்டர்ன் புல்டாக்ஸ், கிரிஃபனையும், அடுத்த இளம் வீரர் தேர்வில் ஆறாவதாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் கொடுத்து, நீங்கள் சொல்லும் அந்த ஒப்பந்தத்தில் 19 வயதுப் பாய்டை வாங்கியது. அன்றிலிருந்து அவர் தவறவிட்ட ஒவ்வொரு பந்துக்கும் அந்தத் தொகை நினைவூட்டப்பட்டது. அந்தத் தொகை அவர் அதுவரை ஆடிய ஆட்டத்துக்குக் கிடைத்த கூலி அன்று, இனி ஆடப்போவதாகப் பிறர் நம்பிய ஆட்டத்துக்கு வைத்த விலை; அந்தக் கணக்கைப் பத்தொன்பது வயதுப் பையனின் தோளில் ஏற்றியதுதான் எனக்கு மனம் ஆறாத விஷயம்.

2016 அக்டோபர் 1 அன்று புல்டாக்ஸும் சிட்னி ஸ்வான்ஸும் மோதிய தொடரின் இறுதி ஆட்டத்தை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். புல்டாக்ஸ் அதற்கு முன் கோப்பை வென்றது 1954இல், ஒரே முறை. 2016இல் புள்ளிப்பட்டியலில் ஏழாமிடத்தில் முடித்து, அங்கிருந்து இறுதிவரை ஏறி வந்த அணி அது. நான்காம் கால்பகுதியின் கடைசி நிமிடங்களில் சிட்னியின் லான்ஸ் ஃபிராங்க்ளினை டேல் மோரிஸ் பின்னாலிருந்து மடக்க, நழுவிய பந்து பாய்டின் கைக்கு வந்தது. கோலுக்கு ஐம்பது மீட்டருக்கும் அப்பாலிருந்து அவர் உதைத்தார். காவலுக்கு ஆளில்லாத கோல் முன்னால் பந்து தரையில் விழுந்து, எந்தப் பக்கம் துள்ளுமோ என்று அரங்கம் முழுவதும் மூச்சைப் பிடித்திருக்க, நேராகத் துள்ளிக் கம்பங்களுக்கு நடுவே போனது. அது அன்று அவருடைய மூன்றாவது கோல். 62 ஆண்டுக் காத்திருப்பு 22 புள்ளி வித்தியாசத்தில் முடிந்தது.

அதன் பிறகும் அவர் மனம் அமைதிப்படவில்லை. 2017இல் மனநலக் காரணங்களுக்காகச் சில காலம் விலகியிருந்தார். திரும்பி வந்து ஆடினார். 2019 மே மாதத்தில், ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மீதமிருக்கையில், அந்தப் பணத்தையும் விட்டுவிட்டு ஓய்வை அறிவித்தார். காயம் என்று பெயர்பண்ணிக்கொண்டு ஒப்பந்தம் முடியும்வரை சம்பளம் வாங்கியிருக்க வழி இருந்திருக்கலாம். ஆட விருப்பமில்லாதவன் ஆடுவதற்கான பணத்தை வாங்கக் கூடாது என்று முடிவெடுத்த இளைஞரை ‘வீண்’ என்ற சொல்லோடு சேர்த்து எழுத எனக்குக் கை வரவில்லை. பிற்பாடு தன் தூக்கமின்மையையும் பதற்றத்தையும் பற்றி அவர் பொதுவெளியில் ஒளிவின்றிப் பேசினார்.

ஆட்டத்தைப் பார்க்கும்போது அந்தக் கடைசிக் கோலோடு நின்றுவிடாதீர்கள். முதல் கால்பகுதியிலிருந்தே பாருங்கள். உயரத்தில், உடல்கள் முட்டிக்கொள்ளும் நெரிசலில், அவர் பிடித்த மார்க்குகளைக் கவனியுங்கள். அன்று அவருக்கு வயது 21.