வில்கோ: ஒருமுறை கேட்டவரின் தீர்ப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் வில்கோ என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவைக் கேட்கத் தொடங்கினேன். 2022-இல் வந்த ‘க்ரூயல் கன்ட்ரி’, 2023-இல் வந்த ‘கசின்’ ஆகிய ஆல்பங்கள் இரண்டையும் சென்ற வாரம் அடுத்தடுத்த நாட்களில் கேட்டேன். முன்னதில் தங்கள் தொடக்ககாலக் கன்ட்ரி இசைக்கு, அதாவது அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட இசைக்குத் திரும்பிவிட்டார்கள் என்று மகிழ்ந்தேன். பின்னதில் அதை மறுபடியும் கைவிட்டுவிட்டார்கள். பாதிப் பாடல்கள் மனதில் ஒட்டவில்லை, வரிகளும் புரியவில்லை. குழு சரிந்துவருகிறதா? குழுவின் பாடகர் ஜெஃப் ட்வீடி 2025-இல் தனியாக வெளியிட்ட ‘ட்வைலைட் ஓவர்ரைட்’ பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வரிகளை விடுங்கள், அவற்றில் பல எனக்கும் இன்றுவரை புரிந்ததில்லை. ஆனால் ‘கைவிட்டுவிட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விடமுடியாது. அவர்கள் முதலில் தொடங்கியதே ‘கசின்’ வேலையைத்தான். அதை நிறுத்திவைத்துவிட்டு, ஆறு பேரும் சிகாகோவில் உள்ள தங்கள் ஒலிப்பதிவுக்கூடத்தில் சேர்ந்து அமர்ந்து, பெரும்பாலும் நேரடியாக வாசித்துப் பதிவுசெய்த 21 பாடல்கள்தான் ‘க்ரூயல் கன்ட்ரி’. அதன் பிறகே கேட் லெ பான் என்ற வேல்ஸ் நாட்டுக் கலைஞரின் தயாரிப்பில் பழைய வேலையை முடித்தார்கள். வெளியான வரிசையை மட்டும் பார்த்து ஒரு வீழ்ச்சிக் கதையையே கட்டிவிட்டீர்கள். அங்கிள் டுபெலோ என்ற முந்தைய குழு உடைந்து 1994-இல் பிறந்த இந்தக் குழு, 1999-இல் ‘சம்மர்டீத்’ ஆல்பம் வந்தபோதே கன்ட்ரி வேலியைத் தாண்டிப் போய்விட்டது.

உங்களைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இருக்கிறது, ஏனென்றால் இதைவிடப் பெரிய பிழையை நான் செய்திருக்கிறேன். 2002-இல் இல்லினாயில் மாணவனாக இருந்தேன். ஓர் இசை நிறுவனம் வேண்டாம் என்று தள்ளிய வில்கோவின் ‘யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பம், வேறொரு நிறுவனத்தின் வழியாக அந்த ஏப்ரலில் வெளிவந்தபோது, சாப்பாட்டுக் காசில் மிச்சம் பிடித்து அந்த சிடியை வாங்கினேன். முதல் பாடலே கடிகார மணியும் இரைச்சலும் தடுமாறும் தாளமுமாகத் தொடங்கியது. எங்கே பழைய வில்கோவின் கிட்டார் ஓசை என்று தேடித்தேடி ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு, “தள்ளியவர்கள் விவரமானவர்கள்” என்று சொல்லி அறைத்தோழனிடம் கொடுத்துவிட்டேன்.

அவன் அதைத் தினமும் போட்டான். குளிர்காலத்தில் ஒரு நாள் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில் ஒரு பாடலின் முடிவில் எல்லாக் கருவிகளும் இரைச்சலில் கரைய, சிற்றலை வானொலியில் சங்கேதம் படிக்கும் பெண்குரல் ஒன்று உணர்ச்சியே இல்லாமல் அந்த ஆல்பத்தின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னது. குழாயை மூடிவிட்டு, நுரை சொட்டும் தட்டோடு அங்கேயே நின்றேன். ஏப்ரலில் நான் கேட்டது அந்த ஆல்பத்தை அல்ல; என் நினைவில் இருந்த பழைய வில்கோவை இதற்குள் தேடி, காணாமல், கோபித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீங்களும் ‘கசின்’ ஆல்பத்துக்குள் முந்தைய நாள் கேட்ட ‘க்ரூயல் கன்ட்ரி’யைத்தானே தேடியிருக்கிறீர்கள்? ஒட்டவில்லை என்ற பாடல்களை வேறு வேலை பார்த்துக்கொண்டே, தீர்ப்புச் சொல்லும் எண்ணமில்லாமல் ஒரு மாதம் ஓடவிடுங்கள். அதன் பிறகும் ஒட்டாவிட்டால் திட்டி எழுதுங்கள், அப்படியே வெளியிடுகிறேன்.

‘ட்வைலைட் ஓவர்ரைட்’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று இசைத்தட்டுகள், முப்பது பாடல்கள். நான் இன்னும் இரண்டாவது தட்டிலேயே இருக்கிறேன்.