அதிக முறை ஓடிய நிரல் எது?

கேள்வி: இதுவரை எழுதப்பட்ட கம்ப்யூட்டர் நிரல்களிலேயே மிக அதிக முறை ஓடியது எது? விண்டோஸா, ஆண்ட்ராய்டா, கூகுள் தேடலா? நண்பர்களுக்குள் ஒரு வாரமாக வாக்குவாதம். நீங்கள்தான் தீர்த்து வைக்க வேண்டும்.

பதில்: மூன்றும் இல்லை. விண்டோஸ் என்பது ஒரு நிரல் அல்ல, கோடிக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு பெரிய ஊர். அதில் பல சந்துகளுக்குள் வருஷக்கணக்கில் யாருமே நுழைந்திருக்க மாட்டார்கள். அதிக முறை ஓடுகிற நிரல் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். பெரிய நிரல்கள் எல்லாம் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிற, பத்து இருபது வரிக்குள் அடங்குகிற ஒரு துண்டைத்தான் நாம் தேட வேண்டும்.

என் மனதில் முதலில் வருவது மெம்காப்பி. சி மொழியில் இருக்கும் மிகச் சாதாரணமான வேலைக்காரன். நினைவகத்தில் ஓரிடத்தில் இருப்பதை இன்னோர் இடத்துக்கு நகலெடுப்பது மட்டும்தான் அதன் வேலை. நீங்கள் ஒரு புகைப்படத்தை நண்பருக்கு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். அது சேமிப்பகத்திலிருந்து இயங்குதளத்தின் கைக்கு, அங்கிருந்து செயலியின் கைக்கு, பிறகு பிணையத்துக்குப் போகிற வரிசைக்கு என்று கை மாறிக்கொண்டே போகிறது, ஒவ்வொரு கை மாறும்போதும் பெரும்பாலும் ஒரு நகல். கூகுள் தன் டேட்டா சென்டர்களை அளந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், பிராசசர்களின் மொத்த நேரத்தில் 4 முதல் 5 சதவீதம் வரை இந்த நகலெடுப்புக்கே போகிறது என்று கண்டார்கள். தேடல், வீடியோ, மின்னஞ்சல் எல்லாம் சேர்ந்த அத்தனை பெரிய உழைப்பில் இருபதில் ஒரு பங்கு, ஒரு பொருளை இங்கிருந்து எடுத்து அங்கே வைப்பதற்கு!

அடுத்தது வீடியோ. 1974-ல் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் வெளியிட்ட, படத்தைச் சுருக்கிச் சேமிக்க உதவும் ஒரு கணித உருமாற்றம்தான் ஜேபெக் படங்களுக்கும் இன்று நாம் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலானவற்றுக்கும் அடிப்படை. அது ஓடுவது படத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்துத்தான். சாதாரண எச்டி வீடியோவின் ஒரே ஒரு காட்சியில், பக்கத்துக்கு 16 புள்ளி கொண்ட சதுரங்கள் 8,160 இருக்கின்றன. விநாடிக்கு 30 காட்சி என்றால் 2,44,800 சதுரங்கள், அதுவும் ஒரே ஒருவர் பார்க்கும்போது. உலகத்தில் எத்தனை பேர் இந்த நிமிஷம் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இந்த மூன்று பெயர்களையும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆனால் வெறும் எண்ணிக்கைதான் கணக்கு என்றால் இவை இரண்டையும் விழுங்கிவிடுகிற ஒன்று இருக்கிறது: ஷா-256. எந்தத் தகவலைக் கொடுத்தாலும் அதை அரைத்து 256 பிட் நீளமுள்ள ஒரு முத்திரையாகத் திருப்பித் தரும் நிரல். பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயத்தைச் சம்பாதிக்கக் கம்ப்யூட்டர்களை ஓட்டுபவர்களைச் சுரங்கக்காரர்கள் என்பார்கள். அவர்கள் செய்வதெல்லாம் இதுதான்: பணப் பரிமாற்றக் கட்டு ஒன்றின் 80 பைட் நீளமுள்ள தலைப்பை எடுத்து, அதில் இருக்கும் ஓர் எண்ணை மாற்றி, இரண்டு முறை அரைத்து, வந்த முத்திரை குறிப்பிட்ட அளவைவிடச் சின்னதா என்று பார்ப்பது, இல்லையென்றால் எண்ணை மாற்றி மறுபடியும் அரைப்பது. மாற்றிப் பார்க்க அந்த இடத்தில் கிட்டத்தட்ட 429 கோடி எண்கள் உண்டு. இன்றைய ஓர் இயந்திரம் அத்தனையையும் கண் இமைப்பதற்குள் தீர்த்துவிடும். 2024-ல் உலகம் முழுக்கச் சேர்த்து விநாடிக்குச் சுமார் 60 லட்சம் கோடி கோடி முயற்சிகள். 2009-ல் தொடங்கியதிலிருந்து இதுவரை நடந்த மொத்த முயற்சிகள் ஒன்றுக்குப் பின்னால் 28 சைபர் போட்ட எண்ணைத் தாண்டிவிட்டன. பிரபஞ்சம் பிறந்த நாளிலிருந்து, அதாவது 1,380 கோடி ஆண்டுகளாக, இடைவிடாமல் விநாடிக்கு 2,000 கோடி முறை செய்துகொண்டிருந்தாலும் இந்த எண்ணை எட்டியிருக்க முடியாது. இதில் பத்து நிமிஷத்துக்கு ஒரு முயற்சிதான் ஜெயிக்கிறது, மற்றதெல்லாம் குப்பை. அத்தனைக்கும் மின்சாரம் எரிகிறதே என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம்.

இங்கே உங்கள் நண்பர்களில் ஒருவர் கட்டாயம் கையைத் தூக்குவார்: அந்த இயந்திரங்களில் ஷா-256 நிரலாகவே இல்லையே, சிலிக்கானில் மின்சுற்றாகவே செதுக்கிவிட்டார்களே, அது எப்படி நிரலாகும்? நியாயமான கேள்விதான். தொடக்கத்தில் அது வீட்டுக் கம்ப்யூட்டர்களில் நிரலாகத்தான் ஓடியது, அப்புறம்தான் தனி சிப்புக்குள் போனது. படிகள் அதே படிகள், வரிசை அதே வரிசை. அதனால் நான் அதை ஏற்றுக்கொள்வேன், என் தீர்ப்பு ஷா-256-க்குத்தான்.

இதற்கு ஈடுகொடுக்கக்கூடியது ஒன்றே ஒன்று, செயற்கை நுண்ணறிவுக்குப் பின்னால் இருக்கும் அணிப் பெருக்கல், அதாவது எண்களின் பெரிய அட்டவணைகளை ஒன்றோடொன்று பெருக்குவது. என்விடியாவின் ஒரு எச்100 சிப் விநாடிக்குச் சுமார் 10 கோடி கோடி கணக்குகள் போடுகிறது, அப்படிப்பட்ட சிப்கள் லட்சக்கணக்கில் ஓடுகின்றன. ஆனால் அங்கே ஒவ்வொரு பெருக்கலையும் தனி ஓட்டமாக எண்ணினால் இங்கேயும் அரைப்பதில் வரும் ஒவ்வொரு சுற்றையும் எண்ண வேண்டும், ஒரு பிட்காயின் முயற்சிக்குள் சுமார் 128 சுற்றுகள். அப்போதும் ஷா-256 முன்னால்தான் நிற்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் நிலவரம் மாறினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

கேள்வி: என் கம்ப்யூட்டரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிஸ்டம் ஐடில் பிராசஸ் 97 சதவீதம் என்று காட்டுகிறது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் இப்படியென்றால் அதுதானே அதிகம் ஓடிய நிரல்?

பதில்: அது ஓடுவதைக் காட்டும் எண் இல்லை, வேலையில்லாமல் மிச்சமிருக்கும் நேரத்தைக் காட்டும் எண். அந்த நேரத்தில் பிராசசர் தூங்குகிறது. இன்டெல் 1978-ல் கொண்டுவந்த 8086-லேயே ‘நில்’ என்று ஒரு கட்டளை உண்டு. அது கிடைத்ததும் விசை தட்டப்படும்வரை, அல்லது கடிகாரம் எழுப்பும்வரை சும்மா இருக்கும். விண்டோஸ் 95 காலத்தில் கதை வேறு, வேலையில்லாத நேரத்திலும் பிராசசர் வெறுமனே சுற்றிச் சுற்றிச் சூடாகிக்கொண்டிருந்தது.

சின்னச் சிப்களில் இன்றும் அப்படித்தான். நான் முதன்முதலில் ஆர்டுயினோ என்ற கற்றுக்கொள்பவர்களுக்கான சின்னப் பலகையில் ஒரு எல்இடியை மினுக்க வைத்தபோது, ‘ஒரு விநாடி பொறு’ என்று ஒரே வரிதான் எழுதினேன். அந்த ஒரு விநாடியும் சிப் என்ன செய்கிறது என்று பார்த்தால், ‘நேரமாகிவிட்டதா, நேரமாகிவிட்டதா’ என்று விடாமல் தன் கடிகாரத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறது! தன்னிடமே திரும்பிக் குதிக்கும் வெறும் லூப் என்றால், 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அது விநாடிக்கு 80 லட்சம் முறை. சரி, பெரும்பாலான போன்களில் இருக்கும் ஆர்ம் என்ற சிப் வடிவமைப்பில் 2021 வரை வெளிவந்த 20,000 கோடி சிப்களும் ஒன்று விடாமல் இதே வேகத்தில் சுற்றினாலும்கூட, பிட்காயின் கணக்கில் 300-ல் ஒரு பங்கைத் தொடாது.

கேள்வி: ஓடிய எண்ணிக்கை இருக்கட்டும், அதிக இடங்களில் குடியிருக்கும் நிரல் எது?

பதில்: எஸ்கியூலைட்டைத்தான் சொல்வேன். 2000-ல் ரிச்சர்ட் ஹிப் எழுதிய சின்ன டேட்டாபேஸ். ஆண்ட்ராய்டு, ஐபோன், குரோம், ஃபயர்பாக்ஸ் எல்லாவற்றிலும் இருக்கிறது. லட்சம் கோடிக்கும் அதிகமான எஸ்கியூலைட் டேட்டாபேஸ்கள் புழக்கத்தில் இருக்கலாம் என்பது அதை உருவாக்கியவர்களின் மதிப்பீடு. உங்கள் போனில் தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள் எல்லாம் பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கும். இத்தனைக்கும் அதற்கு உரிமம், கட்டணம் என்று எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.