நாய் யாருக்குச் சொந்தம்? வழக்குகள் பற்றிய கேள்வி பதில்

மதுரையில் இருபது வருடமாக வக்கீலாக இருக்கிறேன். பார்ப்பது பெரும்பாலும் சொத்து வழக்குகள். நாய் விஷயமாக வருபவர்கள் குறைவுதான், ஆனால் இடத்துக்கும் வீட்டுக்கும் சண்டை போடுபவர்களை விட இவர்கள்தான் என் முன்னால் உட்கார்ந்து அழுகிறார்கள். அதனால்தான் இந்தக் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கினேன்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நம் சட்டத்தில் நாய் ஓர் அசையும் சொத்து. பைக், பீரோ மாதிரி. கேட்க வருத்தமாக இருக்கும், ஆனால் கீழே உள்ள பதில்களில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது. மீதிப் பாதி 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலிருந்து வருகிறது. அந்தச் சொத்துக்குப் பசிக்கும், வலிக்கும் என்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது.

கேள்வி (கோவை): மேடம், நானும் கணவரும் ஒரு வருடமாகப் பிரிந்து இருக்கிறோம். எங்கள் லாப்ரடார் அவரிடம் இருக்கிறது. வாங்கிய ரசீது அவர் பெயரில். ஆனால் பிரிவதற்கு முன் ஐந்து வருடமாக ஊசி, சாப்பாடு, நடைப்பயிற்சி எல்லாம் நான்தான். விவாகரத்து வழக்கிலேயே நாயையும் கேட்க முடியுமா?

குழந்தைக்குக் கேட்பது போல ‘என் பொறுப்பில் கொடுங்கள்’ என்று கேட்க வழியில்லை. நாயின் நலன் எங்கே என்று பார்த்து முடிவு செய்யும்படி குடும்ப நீதிமன்றத்துக்குச் சொல்லும் சட்டம் இன்னும் இங்கே வரவில்லை.

இருப்பது இரண்டு வழி. கல்யாணத்தின்போதோ அதை ஒட்டியோ இருவருக்கும் சேர்த்துப் பரிசாக வந்த நாய் என்றால், இந்து திருமணச் சட்டத்தின் 27-வது பிரிவில் விவாகரத்துத் தீர்ப்போடு சேர்த்துக் கேட்கலாம். உங்களுடையது பிறகு வாங்கியது, அதனால் அது பொருந்தாது. அடுத்தது, உரிமையியல் நீதிமன்றத்தில் 1963-ஆம் வருட குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் கீழ் ‘இந்தப் பொருளையே எனக்குத் திருப்பிக் கொடு’ என்று போடும் வழக்கு. பணம் கொடுத்தால் ஈடாகாது என்று சொல்லக்கூடிய பொருள்களுக்கு அதில் இடம் இருக்கிறது. வளர்த்த நாய்க்கு அதை விடப் பொருத்தமான வாதம் எனக்குத் தெரியாது. அதே விலையில் இன்னொரு லாப்ரடார் கிடைக்கும், உங்கள் நாய் கிடைக்காது.

ரசீது அவர் பெயரில் இருப்பது பலவீனம்தான், ஆனால் அத்தோடு கதை முடியவில்லை. தடுப்பூசி அட்டையில் யார் பெயர், மாநகராட்சி லைசென்ஸ் யார் எடுத்தது, தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் யார் பெயரில் பதிவு, டாக்டருக்கு ஜிபே செய்தது யார், வாங்கும்போது பணம் யார் கணக்கிலிருந்து போனது, இவை எல்லாம் சாட்சிதான். இன்றைக்கே எடுத்து ஒரு ஃபைலில் போடுங்கள்.

2023-இல் மும்பையில் ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றம், குடும்ப வன்முறைச் சட்டத்தில் வந்த வழக்கில், மனைவி வளர்க்கும் மூன்று ராட்வீலர் நாய்களின் செலவையும் கணக்கில் எடுத்து மாதம் 50,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் கொடுக்கச் சொன்னது. செல்லப்பிராணியும் கௌரவமான வாழ்க்கையின் ஒரு பகுதி என்று அந்த உத்தரவு பார்த்தது. நாய் உங்களிடம் வந்த பிறகு அது உங்களுக்கு உதவும்.

ஆனாலும் முதலில் சமரச மையத்துக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். எம்.பி. மஹுவா மொய்த்ராவுக்கும் ஒரு வழக்கறிஞருக்கும் இடையே ஹென்றி என்ற ராட்வீலரை வைத்து நடந்த சண்டை 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா என்றுதான் அங்கேயும் கேட்டார்கள். வாரத்தில் இத்தனை நாள் இவரிடம், செலவு பாதிப் பாதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது ஒப்பந்தமாகவே நிற்கும். என்னிடம் வந்த ஒருவருக்கு எட்டு வயது நாய். வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே அது போய்விட்டது. அவருக்குத் தீர்ப்பு வாங்கித் தர என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

கேள்வி (விருதுநகர்): எங்கள் ராஜபாளையம் நாயை யாரோ பிஸ்கட் காட்டிக் கூட்டிப் போய்விட்டார்கள். பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் பார்த்தோம். ஸ்டேஷனில், ‘அதுவாகப் பின்னால் போனதற்குத் திருட்டு கேஸா’ என்கிறார்கள்.

ஐயா, இதே கேள்விக்குச் சட்டப் புத்தகத்திலேயே பதில் அச்சாகி இருக்கிறது. இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவில் திருட்டுக்கு உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று: ஒருவன் நாய்க்குப் பிடித்த தீனியைப் பையில் வைத்துக்கொண்டு, அபகரிக்கும் எண்ணத்தோடு இன்னொருவரின் நாயைத் தன் பின்னால் வரவைக்கிறான், நாய் நடக்கத் தொடங்கிய அந்த நொடியிலேயே திருட்டு நடந்துவிட்டது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இதே உதாரணம் இருந்தது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்துப் புகாரோடு வையுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள் என்றால் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாத வகைக்குள் போய்விடும். அதனால் புகாரில் நாயின் மதிப்பை எழுதுங்கள், வாங்கிய ரசீதை இணையுங்கள். அப்படியும் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்பலாம், அதற்கு மேல் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வழக்கு ஆன பிறகு நாயை இடைக்காலமாக உங்களிடம் ஒப்படைக்கக் கேட்டு ஒரு மனு போடவேண்டும், மறந்துவிடாதீர்கள்.

கேள்வி (திருச்சி): எட்டு மாதம் முன்பு மழையில் நனைந்து கிடந்த பொமரேனியனை எடுத்து வளர்க்கிறோம். தோல் வியாதிக்கே நிறைய செலவு செய்தோம். இப்போது ஒருவர் வந்து தன் நாய் என்கிறார். கொடுத்துத்தான் ஆகவேண்டுமா?

அவருடையதுதான் என்று நிரூபித்தால், ஆமாம். தொலைந்த பொருளைக் கண்டெடுத்தவருக்கு அதைப் பாதுகாக்கும் பொறுப்பு வரும், உரிமை வராது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 71-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 168-வது பிரிவு உங்களுக்காக இருக்கிறது: பாதுகாப்பதற்கும் சொந்தக்காரரைத் தேடுவதற்கும் செய்த செலவைக் கொடுக்கும் வரை நீங்கள் நாயைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அவர் கண்டுபிடித்துத் தருபவருக்குச் சன்மானம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தால் அதையும் கேட்டு வாங்கலாம்.

பழைய போட்டோ, ஊசி அட்டை, சிப் எண் எல்லாம் கேளுங்கள். வெறும் வாய்ச்சொல்லுக்குக் கொடுக்காதீர்கள். அவர் வேண்டுமென்றே தெருவில் விட்டுவிட்டுப் போனவர் என்று காட்ட முடிந்தால் நிலைமையே வேறு. பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்.

கேள்வி (நாகர்கோவில்): அக்கா, நான் துபாய் போகும்போது என் பெண் நாயை நண்பனிடம் விட்டுவிட்டுப் போனேன். அங்கே ஆறு குட்டி போட்டது. நாயைத் தருகிறான், குட்டிகள் தன்னுடையவை என்கிறான்.

தம்பி, ஒப்படைத்த பொருளிலிருந்து வந்த பெருக்கமும் ஒப்படைத்தவருக்கே என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 163-வது பிரிவு. அங்கே உதாரணம் பசுவும் கன்றும். நாய்க்கும் அதே கணக்குதான். எனவே குட்டிகள் உங்களுடையவை, இடையில் வேறு பேச்சு எதுவும் இல்லையென்றால். ஆனால் காசு வாங்காமல் வைத்துப் பார்த்துக்கொண்டவருக்கு அவர் செய்த அவசியச் செலவைத் திருப்பிக் கொடுக்கும் கடமை உங்களுக்கு உண்டு. ஆறு குட்டிக்கும் தாய்க்கும் தீனி, ஊசி என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், ராத்திரி கண்விழித்தவன் அவன். இரண்டு குட்டியை மனதாரக் கொடுத்து நட்பைக் காப்பாற்றுங்கள் என்பது வக்கீலாக அல்ல, அக்காவாகச் சொல்வது.

கேள்வி (தஞ்சாவூர்): போன வருடம் இலவசமாகக் கொடுத்த குட்டியைத் திருப்பிக் கேட்கலாமா? அவர்கள் சரியாகப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

கையில் கொடுத்த நொடியில் தானம் முடிந்துவிட்டது. மனசு மாறியதால் ரத்து செய்ய முடியாது. ‘கவனிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வேன்’ என்று நிபந்தனை எழுதி வாங்கியிருந்தால் பேச இடம் உண்டு. இனிமேல் குட்டி கொடுப்பவர்கள் ஒரு வெள்ளைத்தாளிலாவது அதை எழுதி வாங்குங்கள். நிஜமாகவே கொடுமை நடக்கிறது என்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி (ஈரோடு): எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒரு நாயை நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டி வைத்திருக்கிறார்கள். நிழல் இல்லை, தண்ணீர் பாதி நாள் இல்லை. கேட்டால் ‘என் நாய், என் இஷ்டம்’ என்கிறார்கள்.

அவர்கள் நாய் என்பது சரி. அவர்கள் இஷ்டம் என்பது சரியில்லை. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் இந்த மூன்றுமே எழுதியிருக்கிறது: அளவுக்கு மீறிய நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டுவது, எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பது, போதிய உணவும் தண்ணீரும் நிழலும் கொடுக்காமல் இருப்பது. இந்த மூன்றில் நடுவில் உள்ளது நாயைப் பெயர் சொல்லியே எழுதியது. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் நாடாளுமன்றத்தில் போராடியதன் பலனாக வந்த சட்டம் இது.

தண்டனையைச் சொல்ல எனக்கே கோபம் வருகிறது. முதல் முறைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பல பத்தாண்டுகளாக இந்தத் தொகை அப்படியே இருக்கிறது. இந்தக் குற்றங்களில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடவும் முடியாது, மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். அதனால் ஸ்டேஷனில் தயங்கினால் அவர்களைத் திட்டிப் பயனில்லை.

ஆனால் பலர் கவனிக்காத 29-வது பிரிவு ஒன்று இருக்கிறது. சொந்தக்காரர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, விலங்கை அவரிடமே விட்டால் மேலும் கொடுமைக்கு ஆளாகும் என்று நீதிமன்றம் கருதினால், அந்த விலங்கின் மீதான உரிமையையே பறித்து அரசுக்குச் சேர்க்கலாம். 50 ரூபாய் அபராதத்துக்காக அல்ல, இந்த ஒரு பிரிவுக்காகத்தான் புகார் கொடுக்கச் சொல்கிறேன். தேதியும் நேரமும் தெரியும்படி பத்துப் பதினைந்து நாள் போட்டோ எடுங்கள். கால்நடைப் பராமரிப்புத் துறை டாக்டரை வைத்துப் பார்க்கச் சொல்லி மாவட்ட ஆட்சியரிடமும் மனு கொடுங்கள். பல இடங்களில் அதிகாரி ஒருவர் வந்து கதவைத் தட்டியதுமே தண்ணீர்ச் சட்டி மாடிக்குப் போய்விடுகிறது.

நாயைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ கதை வேறு. நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை.

கேள்வி (சென்னை): எங்கள் அப்பார்ட்மெண்ட் அசோசியேஷன், நாய் வைத்திருப்பவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது, மூன்று மாதத்தில் நாயை அனுப்பிவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறது.

நாயே கூடாது என்று தீர்மானம் போட அசோசியேஷனுக்கு அதிகாரம் இல்லை. பெரும்பான்மை ஓட்டு இருந்தாலும் இல்லை. லிஃப்டைத் தடுப்பதும், குரைக்கிறது என்று விரட்டுவதும் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதை இணைத்துச் செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்.

கடிதம் கொடுக்கும் முன் உங்கள் பக்கத்தைச் சரி செய்துகொள்ளுங்கள். மாநகராட்சி லைசென்ஸ் எடுத்தாகிவிட்டதா? 2025-இல் கட்டணம் வெறும் 50 ரூபாயாக இருந்தது. அதே வருடம் மைக்ரோசிப்பையும் லைசென்ஸையும் கட்டாயமாக்கி, இல்லாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்தது. கயிறு இல்லாமல் வெளியே அழைத்துப் போகாதீர்கள், கழிவை நீங்களே எடுங்கள். 2024-இல் ஆயிரம் விளக்கு பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை ராட்வீலர்கள் கடித்த பிறகு ஊருக்கே பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தை மதிக்கவேண்டும்.

வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். நாய் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தப் பதில் எதுவும் உங்களைக் காப்பாற்றாது.

கேள்வி (சேலம்): தெருநாய்களுக்குச் சோறு வைப்பதால் தினமும் சண்டை. யார் பக்கம் சட்டம்?

இருவர் பக்கமும் கொஞ்சம். 2023-இன் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், மாடிப்படி இவற்றை விட்டுத் தள்ளி இடமும் நேரமும் குறித்து உணவு வைக்கச் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம் தெருவில் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது, வார்டுக்கு வார்டு ஒதுக்கிய இடத்தில்தான் வைக்கவேண்டும் என்றது. கருத்தடையும் ஊசியும் போட்ட நாயை, வெறியோ மூர்க்கமோ இல்லையென்றால், பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றும் சொன்னது. நவம்பர் 7 உத்தரவில் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம் போன்ற இடங்களுக்கு மட்டும் விதிவிலக்கு: அங்கே பிடித்ததை அங்கே திரும்ப விடக் கூடாது. உங்கள் வார்டில் இடம் ஒதுக்கச் சொல்லி ஆணையருக்கு இன்றே எழுதுங்கள்.

கேள்வி (வேலூர்): 18,000 ரூபாய்க்கு வாங்கிய குட்டி மூன்றாம் நாள் பார்வோ என்ற வைரஸ் நோயில் இறந்துவிட்டது. கடைக்காரர் கைவிரிக்கிறார்.

நுகர்வோர் ஆணையம். வக்கீல் கூட வேண்டாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். குட்டிக்கு எட்டு வாரம் ஆகியிருந்ததா என்று பாருங்கள், அதற்கு முன் விற்பதை 2017-ஆம் வருட விதிகள் தடுக்கின்றன. டாக்டரின் சீட்டும் பரிசோதனை முடிவும் கட்டாயம் வேண்டும்.

கேள்வி (கும்பகோணம்): எனக்கு 74 வயது. மனைவி போய்விட்டாள். என்னிடம் ஒன்பது வயது நாய் ஒன்று இருக்கிறது. எனக்குப் பிறகு அதன் பேரில் பணம் எழுதி வைக்கலாமா அம்மா?

நாயின் பேரில் எழுத முடியாது ஐயா. சொத்தால் சொத்தை வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் நம்பிக்கையான ஒருவருக்கு நாயையும், அதைப் பார்த்துக்கொள்ள என்று ஒரு தொகையையும் உயிலில் எழுதலாம். ரத்தன் டாடா தன் உயிலில் டிட்டோ என்ற நாயைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார். இரண்டு சாட்சி கையெழுத்து போதும், பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது.

எழுதும் முன் அந்த நபரிடம் கேளுங்கள், அவர் வீட்டுக்கு நாயை அழைத்துப் போய் நாலைந்து முறை பழக்குங்கள். அவரால் முடியாமல் போனால் என்று இரண்டாவதாக ஒரு பெயரும் வையுங்கள். உயில் திறப்பதற்கு நாள் ஆகும், நாய்க்கு மறுநாள் காலையிலேயே பசிக்கும். அதனால் என்ன சாப்பிடும், எந்த மாத்திரை, எந்த டாக்டர், இடி இடித்தால் எங்கே போய் ஒளியும் என்று தனித்தாளில் எழுதி, வீட்டுச் சாவியோடு பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.