1146-க்கு வர்க்கமூலம் 34 ஆகுமா?

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகளை விரைவுக் கணக்கு வகுப்பில் சேர்த்தோம். 1156-இன் வர்க்கமூலம் 34 என்று நொடியில் சொல்கிறாள். தேர்வில் 1146-க்கும் 34 என்றே எழுதிவிட்டாள். அதே வழியில்தான் போட்டேன் என்கிறாள். எங்கே தவறு?

பதில்: சொல்லிக்கொடுத்ததை அவள் பிசகாமல்தான் செய்திருக்கிறாள். கோளாறு அந்தக் குறுக்குவழியில் இருக்கிறது.

அது இப்படிப் போகும். எண் 6-இல் முடிந்தால் மூலம் 4-இல் அல்லது 6-இல் முடியும். முன்னால் உள்ள 11, 9-க்கும் 16-க்கும் நடுவில் இருப்பதால் பத்தாமிடம் 3. ஆக 34 அல்லது 36. மூன்றை நான்கால் பெருக்கினால் 12. 11 அதைவிடக் குறைவு, எனவே 34. சரி, இதில் 1156-இன் 5 எங்காவது பயன்பட்டதா? அந்த இடத்தில் எதை வைத்தாலும் 34 தான் வரும்! கொடுத்த எண் முழு வர்க்கம் என்று முன்பே தெரிந்தால் மட்டும் பலிக்கிற வித்தை இது. விளம்பரம் செய்து கட்டணம் வாங்குகிறவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

முதலில் எண் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பழக்குங்கள். 33-இன் வர்க்கம் 1089. அதோடு 33, 34 இரண்டையும் கூட்டினால் அடுத்த வர்க்கம் 1156 வந்துவிடும், பெருக்கவே வேண்டாம். 1146 இவற்றுக்கு நடுவில் இருப்பதால் முழு எண் விடை கிடையாது. 1156-க்கு 10 குறைவு; பத்தை 34-இன் இரு மடங்கான 68-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.15. அதை 34-இலிருந்து கழித்தால் 33.85. பெருக்கிப் பாருங்கள், 1145.82 வரும். போதாதா?

2, 3, 7, 8-இல் முடியும் எண் முழு வர்க்கமாகாது, அது தெரிந்ததுதான்.

ஆனால் 0.4 வந்தால் நிதானம் தேவை. நான்கின் மூலம் 2, அதனால் 0.4-க்கு 0.2 என்று எழுதாத பிள்ளையைப் பார்ப்பது அரிது. 0.2-இன் வர்க்கம் 0.04. புள்ளிக்குப் பின் இலக்கங்களை இரண்டிரண்டாகத்தான் சேர்க்க வேண்டும். 0.4 என்பது 0.40, நாற்பதின் மூலம் 6.3-ஐ ஒட்டியது, ஆகவே விடை சுமார் 0.63. மூலம் எண்ணைவிடப் பெரிதாகிவிட்டதே என்று மிரள வேண்டாம். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் உள்ள எண்களுக்கு அப்படித்தான் இருக்கும்: 0.25-க்கு 0.5, 0.81-க்கு 0.9.

வினாத்தாள் தயாரிப்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முழு வர்க்கமாகவே பொறுக்கி, நான்கு விடைகளையும் கீழே அச்சடித்துக் கொடுத்தால் எந்தப் பிள்ளை சரிபார்க்கும்? உங்கள் மகளுக்கு 1146 கொடுத்த ஆசிரியரைப் பாராட்டத்தான் வேண்டும்.

அடுத்த தவணைக் கட்டணம் கட்டுமுன் அந்த வகுப்பில் 1126-ஐக் கொடுத்துப் பாருங்கள். இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கினால் 1, 4, 7, 9 வந்தால் முழு வர்க்கம் என்று இன்னொரு வித்தை வைத்திருப்பார்கள். 1126 அதிலும் தேறிவிடும். முழு வர்க்கம் மட்டும் இல்லை.