நேற்றுவரை காதலன், இன்று அப்பா வேடமா?

மேடம், வணக்கம்.

எனக்கு 57 வயது. வங்கி வேலை, அடுத்த ஜூனில் ஓய்வு. மனைவி, கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கும் ஒரு மகள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. என் பிரச்சினை நாடகம். சிரிக்காதீர்கள்.

காலேஜ் முடித்ததிலிருந்து சென்னையில் ஒரு அமெச்சூர் குழுவில் நடிக்கிறேன். யாருக்கும் சம்பளம் கிடையாது. சபாவில் கொடுப்பது செட்டுக்கும் வேனுக்கும் டிரஸ் வாடகைக்கும் சரியாகப் போய்விடும், சில சமயம் கைக்காசும் சேர்ந்து போகும். ஆபீஸ் விட்டதும் மாம்பலத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடிக்கு ஓடி, ராத்திரி பத்து மணி வரை ஒத்திகை. சமூக நாடகமோ சரித்திரமோ, கதாநாயகன் நான்தான். ஜோடி பெரும்பாலும் ஒரே பெண்மணி, என்னைவிட எட்டு வயது சின்னவர், அவரும் ஆபீஸ் போகிறவர். எங்கள் ஜோடிக்காகவே டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் உண்டு.

இந்தக் கோடைக்கு அம்பிகாபதி - அமராவதி கதையை எங்கள் டைரக்டர் புதிதாக எழுதியிருக்கிறார். உங்களுக்குத் தெரிந்திருக்கும். கம்பர் மகன் சோழ இளவரசியைக் காதலிக்க, சிற்றின்பம் கலக்காமல் நூறு பாட்டுப் பாடினால் பெண் தருவதாக ராஜா சொல்ல, முதலில் பாடிய கடவுள் வாழ்த்தான காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி தொண்ணூற்றொன்பதிலேயே திரையை விலக்கி எட்டிப் பார்க்க, அவளைக் கண்டதும் இவன் காதல் பாட்டைப் பாடித் தலையைக் கொடுக்கிற கதை. இந்த வேடத்துக்கு நான் எவ்வளவு காலமாக ஆசைப்பட்டேன் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். வேடம் பிரித்த அன்று அம்பிகாபதி ஐடியில் இருக்கும் 26 வயதுப் பையனுக்குப் போனது. எனக்குக் கம்பர். “வெயிட்டான ரோல்ண்ணா” என்றார் டைரக்டர். என் ஜோடிக்கு ராணி வேடம். அவர் மறுபேச்சில்லாமல் “சரி” என்று பிரதியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பையன் மோசமில்லை, ஆனால் செந்தமிழ் வசனம் அவன் நாக்கில் புரளவில்லை. போன வாரம் நூறு பாட்டுக் காட்சியில் பாதியில் மறந்துபோய் நின்றான். எனக்கு முழு நாடகமும் மனப்பாடம். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. எதற்குக் கொடுக்க வேண்டும்? இப்போதெல்லாம் ஒத்திகைக்கு லேட்டாகத்தான் போகிறேன். என் ஜோடி ராணியாக இன்னொருவர் பக்கத்தில் உட்காருவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. மனைவியிடம் சொன்னால், இந்த வயசில் என்ன காதல் நாடகம் என்பாள். அவள் எங்கள் நாடகத்துக்கு வந்தே பல வருடமாகிறது. விலகிவிடட்டுமா? இல்லை, சண்டை போட்டாவது வேடத்தைக் கேட்கட்டுமா?

— பெயர் வேண்டாம், சென்னை

சார், வணக்கம்.

எதற்குச் சிரிக்க வேண்டும்? பிற்பாடு வக்கீலான நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் 1891ல் சுகுண விலாச சபாவைத் தொடங்கிய நாளிலிருந்தே, இந்த ஊரில் பகலெல்லாம் ஃபைல் பார்த்துவிட்டு சாயங்காலம் ராஜாவாகிறவர்கள் இருந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேடத்தைக் கேட்காதீர்கள், டைரக்டர் செய்தது சரி. இன்னும் ஒரே ஒரு பாட்டு பொறுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்பதுதான் அம்பிகாபதி கதை. அந்த அவசரம் 26 வயது முகத்தில் இருந்தால் ஜனங்கள் அழுவார்கள். 57ல், எவ்வளவு நல்ல விக் வைத்தாலும், முன்வரிசை மாமி “பொறுக்கக் கூடாதோ” என்று பக்கத்தில் சொல்வார். ஆனால் உங்கள் வலி சின்னது என்று நான் சொல்லவில்லை. 1937ல் வந்த சினிமாவில் அம்பிகாபதியாக நடித்தவர் தியாகராஜ பாகவதர். அதே கதையை 1957ல் சிவாஜியை வைத்து எடுத்தபோது, கம்பராக நடிக்கப் பாகவதரைக் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார் என்று சொல்வதுண்டு. காதலனாகக் கொண்டாடப்பட்ட ஒருவருக்கு அதே கதையில் அப்பாவாக வந்து நிற்பது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ஒன்று. வேடம் போனது வலித்தது என்று எழுதவில்லை நீங்கள். உங்கள் ஜோடி “சரி” என்றதுதான் அதிகம் வலித்தது என்கிறீர்கள். லேட்டாகப் போவதும் பையனால் இல்லை, அவர் யார் பக்கத்தில் உட்காருகிறார் என்பதால். உடனே பதறாதீர்கள், இதற்குக் காதல் என்று பெயர் வைக்க நான் அவசரப்படவில்லை, நீங்களும் வேண்டாம். ஒருவர் கண்ணைப் பார்த்து அன்பான சொற்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தால், எழுதிக் கொடுத்த வசனம் என்று தெரிந்தாலும் மனசு அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளும். ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 1997ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இரண்டு பேரை உட்காரவைத்து, படிப்படியாக அந்தரங்கமாகும் கேள்விகளை 45 நிமிடம் ஒருவரையொருவர் கேட்கச் சொன்னார்கள். அதற்குள்ளேயே அவர்களிடையே நெருக்கம் கூடிவிட்டது. உங்களுக்கோ இது வருடக்கணக்காக நடந்திருக்கிறது. சம்பந்த முதலியாருக்கு ஜோடியாகப் பெண் வேடம் கட்டியவர் ரங்கவடிவேலு என்ற நண்பர். மேடை ஜோடி என்பது அப்படி ஒரு தனி உறவு, நட்பு என்றாலும் போதாது, வேறு ஏதாவது சொன்னாலும் ஊர் வாயைத் திறக்கும்.

நான் உங்களைக் கேட்க நினைப்பது வேறு. அந்த மேடையைத் தவிர வேறு எங்காவது, யாரிடமாவது, இத்தனை வருடத்தில் நீங்கள் கனிவாக நாலு வார்த்தை பேசியிருக்கிறீர்களா? வீட்டில்? உங்கள் கடிதத்தில் மனைவி ஒரே ஒரு வசனம் பேசுகிறார், அதுவும் நீங்களாகக் கற்பனை செய்த வசனம். சொன்னால் இப்படி என்பாள் என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, சொன்னேன் என்று எழுதவில்லை. அன்பாகப் பேச உங்களுக்கு இருந்த ஒரே இடம் அந்த மொட்டைமாடியாக இருந்தால், அது கைவிட்டுப் போகும்போது மூன்று மணிக்கு விழிப்பு வராமல் என்ன செய்யும்? அதோடு ஜூனில் வங்கியும் முடிகிறது. அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள், என்னால் அப்படித் தாண்ட முடியவில்லை.

அந்த அம்மாவின் “சரி”க்கு நீங்கள் ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டு புழுங்குகிறீர்கள். கிட்டத்தட்ட ஐம்பது வயதில் இளவரசியாக ஓடிவந்து அவருக்கே அலுத்திருக்கலாம், வீட்டுக்குப் போய் அழுதும் இருக்கலாம். ஒத்திகை இடைவேளையில் டீ குடிக்கும்போது, நாலு பேர் நடமாடும் இடத்தில், “நாம ஜோடியா நடிக்காதது எனக்கு ஒரு மாதிரி இருக்கு, உங்களுக்கு?” என்று கேளுங்கள். அவ்வளவு போதும். ராத்திரி வாட்ஸ்அப்பில் நீளமாக எதுவும் அனுப்ப வேண்டாம், சார். அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

பையன் மறந்து நின்றபோது எடுத்துக் கொடுக்காததை நியாயப்படுத்துகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பர் வேடத்தில் பிரமாதமான இடம் எது? விருந்தில் பரிமாற வந்த அமராவதியைப் பார்த்து மகன் தன்னை மறந்து பாட ஆரம்பிக்க, பாதியில் அப்பா நுழைந்து, அது தெருவில் கொட்டிக்கிழங்கு விற்கிறவளைப் பற்றிய பாட்டு என்று முடித்துக் காப்பாற்றுகிற இடம். சபையில் உளறிய சின்னவனை ஒரு நொடியில் தூக்கி நிறுத்துகிற பெரியவர். உங்கள் டைரக்டர் அந்தக் காட்சியை விட்டிருந்தால் சேர்க்கச் சொல்லிச் சண்டை போடுங்கள், அந்தச் சண்டைக்கு நான் உங்கள் பக்கம்.

விலகுவதா என்றால், இந்த நாடகத்தில் நிற்கவே முடியாது என்று தோன்றினால் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அமெச்சூர் குழுவில் கடைசி நேரத்தில் இன்னொரு கம்பர் கிடைக்க மாட்டார். ஆனால் குழுவையே விட்டுப் போகிற முடிவை ஜூனுக்கு முன்னால் எடுக்காதீர்கள். மனைவியை நாடகத்துக்குக் கூப்பிடுவது அப்புறம், முதலில் வேடம் மாறியதைச் சொல்லுங்கள். அவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

தூக்கம் இன்னும் இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால், அல்லது சாப்பாடு பிடிக்காமல், எதிலும் நாட்டமில்லாமல் போனால், ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்க வேண்டாம்.