வீடியோ காலில் மட்டும் சாதுவாக இருக்கும் முயல்

கேள்வி: என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். விடுப்பு முடிந்து அவர் திரும்பிப் போனதிலிருந்து எட்டு வயது மகன் அழுதுகொண்டே இருந்ததால், பத்து நாட்களுக்கு முன் ஒரு முயல் வாங்கிக் கொடுத்தேன். எந்நேரமும் கூட்டின் மூலையில் பதுங்குகிறது. பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டுகிறது. இரவில் மகன் அதைத் தூக்கி அப்பாவுக்கு வீடியோ காலில் காட்டும்போது மட்டும் சாதுவாக இருக்கிறது. இதன் பயம் எப்போது தெளியும்?
- வாசகி, தக்கலை

பதில்: புது இடத்துக்கு வந்த முயல் பதுங்குவதிலும், ஆபத்து என்று தோன்றினால் காலால் தட்டுவதிலும் வியப்பில்லை. ‘மட்டும் சாதுவாக’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. முயல் மற்ற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. ஓட வழியிருந்தால் ஓடும், இல்லையென்றால் அசைவற்று உறைந்துவிடும். தரையிலிருந்து தூக்கப்படுவது, பருந்து கவ்விக்கொண்டு போவதற்குச் சமமாகவே அதற்குப் படும். ஆகவே நீங்கள் சாது என்று நினைக்கும் அந்த நேரத்தில்தான் அது மிக அதிகமாகப் பயந்துபோயிருக்கிறது. பையன் கையில் திமிறி உதைத்தால், பின்னங்கால்களின் வலுவே அதன் மெல்லிய முதுகெலும்பை முறித்துவிடக்கூடும்.

மஸ்கட்டில் இருப்பவர் பார்க்க ஏங்குவது மகன் முகத்தைத்தானே? அழுகையை அடக்க ஓர் உயிரை விலைக்கு வாங்கி, இரவுதோறும் அதை வேடிக்கைப் பொருளாக்கியிருக்கிறீர்கள். பிள்ளை அப்பாவிடம் அழட்டும். எத்தனை கடல் தாண்டியிருந்தாலும் அதைக் கேட்பது தகப்பனின் கடமை. முயலின் பொறுப்போ, எட்டு வயதுச் சிறுவனுடையதல்ல, வாங்கிய உங்களுடையது.

இன்றிரவே தூக்குவதை நிறுத்துங்கள். கூட்டை டிவி சத்தமும் நாய் பூனை நடமாட்டமும் இல்லாத, வெயில் படாத மூலைக்கு மாற்றி, இருபுறமும் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்றை உள்ளே வையுங்கள். மகன் தரையில் உட்கார்ந்து பள்ளிப் பாடத்தைப் படிக்கட்டும். முயலுக்கு மூக்கின் நேர் எதிரே பார்வை எட்டாது என்பதால், கையைப் பக்கவாட்டில் வைத்து, அது தானாக வந்து முகரும்வரை காத்திருக்கட்டும். வாரங்கள் ஆகலாம். நம் ஊர் மட்டி வாழைப்பழத்தைக் காட்டி அதை அவசரமாக வசப்படுத்தப் பார்க்க வேண்டாம். இனிப்பு அதன் குடலைக் கெடுக்கும், புல்தான் அதற்குச் சோறு. அரை நாள் தீனி எடுக்காமல், புழுக்கையும் போடாமல் கிடந்தால் அதைப் பயம் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.